கறுவா போய்ச் சேர்ந்த ஊர்: லிஸ்பன் பற்றி வாசகர் கேள்வியும் பதிலும்

போன மாதம் இந்தப் பக்கத்தில நானும் மகளும் போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில எட்டு நாள் நிண்டதைப் பற்றி அரைப்பக்கம்தான் எழுதினனான், அதுக்கு இவ்வளவு கடிதமும் வாட்ஸ்அப்பும் வரும் எண்டு நினைக்கவே இல்லை. பாதிப் பேர் விசா எப்பிடி, சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டிருக்கிறீங்கள். மற்றப் பாதிப் பேர், பறங்கியின்ர ஊருக்கு ஏன் போனனீங்கள் எண்டு கேட்டிருக்கிறீங்கள். ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் வேணும், அதால இந்த மாதம் பக்கம் முழுக்க லிஸ்பன்தான்.

அக்கா, மகள் லண்டனில படிக்கிறாள். ஜூலையில அவளிட்டப் போகேக்க ஐரோப்பாவில ஏதாவது ஒரு தலைநகரத்தை நாலு நாள் பாத்திட்டு வருவம் எண்டு இருக்கிறம். எல்லாரும் பாரிஸ், ரோம் எண்டுதான் சொல்லுகினம். லிஸ்பனில அப்பிடி என்ன இருக்கு?
– இல்லத்தரசி, வெள்ளவத்தை

பாரிஸும் ரோமும் போகவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன், ரெண்டும் பாக்கவேண்டிய ஊர்தான். ஆனா இந்தக் கடிதத்தை எழுதேக்க நீங்கள் இருந்தது ஒரு கதிரையில, கொப்பியை வைச்சது மேசையில, பக்கத்தில யன்னல், அங்கால அலுமாரி, வாசலில சப்பாத்து, குசினியில பாண், வெளிய விறாந்தையில ஒரு வாங்கு, அதில காயப்போட்ட துவாய். இவ்வளவும் போர்த்துக்கீசச் சொல்லு. அங்க கதிரைக்கு கடெய்ரா, மேசைக்கு மேசா, யன்னலுக்கு ஜனேலா, சப்பாத்துக்கு சபாத்து, குசினிக்கு குசின்யா, துவாய்க்கு துவால்யா எண்டு சொல்லுவினம். நாங்கள் நிண்ட இடத்தில முதல் நாள் யன்னல் இறுகிப்போய்த் திறக்க ஏலாமல் இருந்தது. துப்புரவாக்க வந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது, மகள் போனில மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டு நிக்க நான் கையைக் காட்டி "யன்னல், யன்னல்" எண்டன். அவ உடன "ஜனேலா!" எண்டு சிரிச்சுக்கொண்டு வந்து ஒரு தட்டுத் தட்டித் திறந்து விட்டா. எனக்கு அந்த இடத்தில உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, 1505ல லொரென்சோ டி அல்மெய்டாவின்ர கப்பல் இந்தத் தீவில ஒதுங்கினதில தொடங்கி 1656ல ஒல்லாந்தர் கொழும்பைப் பிடிக்கும் வரைக்கும் அவையள் எங்கட வீட்டுக்குள்ளயே இருந்திருக்கினம், போகேக்க சொல்லுகளை விட்டிட்டுப் போயிருக்கினம். பாரிஸில உங்களுக்கு இது கிடைக்காது.

ஜூலையில அங்க நல்ல வெயில், சனமும் கூட. ஏலுமெண்டா ஏப்ரல், மே, இல்லாட்டி செப்டம்பர் கடைசி பாருங்கோ. ஜூலைதான் எண்டா காலமை எட்டரைக்கே வெளிக்கிட்டு மத்தியானம் அறையில படுத்திட்டு நாலு மணிக்குப் பிறகு திரும்ப வெளிக்கிடுங்கோ, அங்க கோடையில இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இன்னொண்டு, லண்டன் விசா இருந்தா அப்பிடியே போகலாம் எண்டு சில பேர் நினைக்கினம். ஏலாது, அது வேற விசா.

விசாவும் பிளேனும் எப்பிடி? நேர பிளேன் இருக்கோ? செலவை எங்க குறைக்கலாம்?
– தனியார் கம்பனி ஊழியர், தெஹிவளை

போர்த்துக்கல் ஷெங்கனுக்குள்ள வருது, அதெண்டா ஒரே விசாவில போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்ர கூட்டு. சுற்றுலா விசாவில 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் நிக்கலாம். கட்டணம் பெரியாக்களுக்கு 90 யூரோ, 6 வயசில இருந்து 11 வரைக்கும் 45, அதுக்குக் கீழ இல்லை. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேணும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முதலே விண்ணப்பம் குடுக்கலாம், கடைசி 15 நாள் வரைக்கும் எண்டு சட்டத்தில இருந்தாலும் அதை நம்பி இருக்காதேங்கோ, ரெண்டு மூண்டு மாதத்துக்கு முதலே குடுத்திடுங்கோ. ரெண்டு நாடு பாக்கிறதெண்டா கனநாள் நிக்கிற நாட்டிட்டத்தான் கேக்கவேணும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ஒரு ஏஜென்டின்ர பேச்சைக் கேட்டு விசாவுக்கு மட்டும் ஹோட்டல் புக் பண்ணி அடுத்த நாளே கான்சல் பண்ணினதில விசா மறுபட்டு நிண்டவை, பிள்ளையள் ரெண்டும் அழுததைப் பாக்க ஏலாமல் இருந்தது. அப்பிடிச் செய்யாதேங்கோ, போற இடத்தை உண்மையா எழுதுங்கோ.

கொழும்பில இருந்து நேர பிளேன் இல்லை, துபாய், தோஹா, இஸ்தான்புல் எண்டு ஒரு இடத்தில மாறவேணும். லிஸ்பன் எயார்போட்டுக்குள்ளயே மெட்ரோ வருது, சிவப்பு லைன், அதால டாக்சிக் காசு மிச்சம். ஹோட்டல் காசோட சேராமல் நகரசபை வரி எண்டு ஆளுக்கு ஒரு இரவுக்கு 4 யூரோ கேப்பினம், ஏழு இரவு வரைக்கும்தான், 13 வயசுக்குக் கீழ பிள்ளையளுக்கு இல்லை. அதைக் கண்டு ஏமாத்துறாங்கள் எண்டு சண்டை பிடிக்கவேண்டாம்.

என்ர அப்பம்மா திருகோணமலை. கோணேசர் கோயிலை இடிச்சவங்கட ஊரில போய்ப் படம் எடுத்துக்கொண்டு நிக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?
– வாசகர், பம்பலப்பிட்டி

இந்தக் கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சனான். நீங்கள் கேட்டதில ஒரு பிழையும் இல்லை, ரிக்கெற் போட முதல் நானும் இதையே யோசிச்சுக்கொண்டு இருந்தனான். 1619ல யாழ்ப்பாண இராச்சியம் விழுந்து சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டு போனது, 1621ல நல்லூர்க் கோயில் இடிபட்டது, 1622ல சித்திரை வருசப்பிறப்பு நேரம் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டே அங்க கோட்டை கட்டினது, இதெல்லாம் என்ர வீட்டிலயும் சின்ன வயசில இருந்து கதைச்சு வந்த விசயம். அப்பா கோட்டை வாசலில இருக்கிற கல்வெட்டைக் காட்டி, குளக்கோட்டன் கட்டினதைப் பறங்கி பிரிப்பான் எண்டு எழுதிக்கிடக்கு பார் எண்டு விரலை வைச்சு வாசிச்சுக் காட்டினது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

பெலெம் எண்டு லிஸ்பனுக்கு மேற்கால ஆத்தங்கரையோட ஒரு இடம். கப்பலெல்லாம் அங்க இருந்துதான் வெளிக்கிட்டது. அங்க ஜெரோனிமோஸ் மடம் எண்டு ஒண்டு இருக்கு, மனுவல் அரசன் காலத்தில 1501ல கட்டத் தொடங்கினது. வடிவெண்டா அப்பிடியொரு வடிவு, அதை மறைச்சுச் சொல்ல எனக்கு மனம் இல்லை. தூணெல்லாம் கமுகு மாதிரி உயர்ந்து போய் மேல ஓலை விரிஞ்ச மாதிரிக் கூரையோட சேருது, கல்லிலயே கயிறு முறுக்கியிருக்கினம், முடிச்சுப் போட்டிருக்கினம், கடல் பாசி, பவளம் எல்லாம் செதுக்கியிருக்கினம். ஆனா அந்தக் கட்டிடத்துக்குக் காசு வந்தது கிழக்கில இருந்தும் ஆபிரிக்காவில இருந்தும் வந்த மிளகு, வாசனைச் சரக்குக்கு நூற்றுக்கு 5 வீதம் போட்ட வரியில. உள்ளுக்குப் போன உடன ஒரு பக்கம் வாஸ்கோ டி காமாவின்ர கல்லறை, மற்றப் பக்கம் கவிஞர் கமோயன்ஷின்ர கல்லறை, அவர் 1572ல வெளியிட்ட பெருங்காவியத்தின்ர முதல் செய்யுளிலயே தப்ரபேன் எண்டு எங்கட தீவுக்கு இருந்த பழைய பேர் வருது. வாஸ்கோ டி காமா கையைக் கூப்பிக்கொண்டு படுத்திருக்கிறார், வெள்ளைக் கல்லு, சுத்திச் சனம் படம் எடுக்குது. நான் படம் எடுக்கேல்லை. நான் கும்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் நிண்டன், மகள் கையைப் பிடிச்சுக்கொண்டு "அம்மா, இவரோ?" எண்டு கேட்டாள், ஓம் எண்டன், அவ்வளவுதான்.

அங்கால ஆத்தங்கரையில 1960ல கட்டின ஒரு பெரிய நினைவுச்சின்னம், கப்பலின்ர முன்பக்கம் மாதிரி, அதில இளவரசர் ஹென்றி முன்னால நிக்க மாலுமி, பாதிரி, படம் கீறினவை எண்டு எல்லாமா 33 பேர். முன்னால நிலத்தில பளிங்கில உலகப்படம், எந்த வருசம் எந்தக் கரைக்குப் போனவை எண்டு எழுதியிருக்கு. எங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் கூட அந்தச் சிலையளுக்குள்ள இல்லை. எங்களுக்கு விளக்கம் சொன்ன பெடியனுக்கு இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும், கண்டுபிடிப்புக் காலம் எண்டு சொல்லிக்கொண்டு போக நான் நிப்பாட்டி, தம்பி, எங்கட ஊரில கடலுக்கு மேல மலையில ஒரு கோயில் இருந்தது எண்டு தொடங்கி முழுக்கச் சொன்னன். அவன் வாதாடேல்லை. பேரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான். எனக்கு அண்டைக்கு அது போதும். உங்கட அப்பம்மா போயிருந்தாலும் சொல்லித்தான் இருப்பா எண்டு நினைக்கிறன். போகாமல் விடுறது உங்கட உரிமை, அதில நான் ஒண்டும் சொல்லேல்லை, ஆனா போனா இந்த ரெண்டு கண்ணோடயும் போங்கோ, வடிவை வடிவெண்டு சொல்லுங்கோ, கோவத்தையும் கொண்டு போங்கோ.

அம்மாவுக்கு 71 வயசு. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையும் விடாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறவ. அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில எண்டு ஃபாதர் பிரசங்கத்தில சொன்னவராம், பதுவை எண்டுதானே நாங்கள் சொல்லுறது, உண்மையோ?
– வாசகி, கொட்டாஞ்சேனை

உண்மைதான். 1195 அளவில லிஸ்பனில பிறந்தவர், ஞானஸ்நானப் பேர் ஃபெர்னாண்டு. பதுவையில 1231 ஜூன் 13ல இறந்தவர், அதால உலகம் முழுக்கப் பதுவை அந்தோனியார். லிஸ்பன் சனத்திட்ட அப்பிடிச் சொன்னா முகம் சுளிப்பினம், அவையளுக்கு அவர் லிஸ்பன் அந்தோனியார்தான்.

அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில ஒரு கோயில் இருக்கு, பேராலயத்துக்குக் கீழ, ரெண்டு நிமிச நடை. பழைய கோயில் 1755 பூமி நடுக்கத்தில விழுந்து போச்சு, நிலவறை மட்டும் தப்பினது, அந்த நிலவறைதான் பிறந்த இடம் எண்டு காட்டுகினம், 1982ல இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அங்க வந்து செபம் செய்தவர். சின்ன இடம், பெரிய ஆரவாரம் ஒண்டும் இல்லை. நான் சைவம்தான், எண்டாலும் கொச்சிக்கடையில அண்டைக்குப் போன உயிருகளை நினைச்சு அங்க ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான், உங்கட அம்மாவிட்டச் சொல்லுங்கோ.

போறதெண்டா ஜூன் 12 இரவுக்கு அங்க நிக்கிற மாதிரிப் பாருங்கோ. அல்ஃபாமா எண்டு பழைய ஒடுக்கமான தெருவெல்லாம் தோரணம் கட்டி, வீட்டு வாசலில அடுப்பை வைச்சு சார்டின் மீன் சுட்டு, பாட்டும் ஆட்டமும் விடியும் வரைக்கும் நடக்கும். சின்னத் தொட்டியில எங்கட துளசியின்ர இனத்தில ஒரு செடி விப்பினம், மஞ்செரிக்கு எண்டு பேர், கடதாசிப் பூவும் நாலு வரிப் பாட்டும் குத்தியிருக்கும். அதை மூக்கை வைச்சு மணக்கக்கூடாதாம், கையால தொட்டுக் கையைத்தான் மணக்கவேணும். அம்மாவுக்கு அண்டிரவு நெரிசல் கஷ்டம், அதால பகலில கோயிலுக்குப் போயிட்டு வெள்ளெனவே அறைக்கு வந்திடுங்கோ.

அன்ரி, நான் ஓ.எல். படிக்கிறன். 1755 பூமி நடுக்கம் எண்டு நீங்கள் எழுதினதை இன்னும் கொஞ்சம் விளக்கமா எழுதுவீங்களோ? அதின்ர அடையாளம் இப்பவும் இருக்கோ?
– மாணவன், கிராண்ட்பாஸ்

இருக்கு தம்பி, ஊரே அதின்ர அடையாளம்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலமை ஒன்பதே முக்கால் அளவில. சனம் முழுக்கக் கோயில்களுக்குள்ள பூசையில, எல்லா இடமும் மெழுகுதிரி எரியுது. அந்த நேரம் பாத்து நிலம் ஆடினது. கூரை விழுந்து செத்தவை போக, தப்பின சனம் வெட்டவெளி எண்டு நம்பி ஆத்தங்கரைக்கு ஓடினவை. தண்ணி உள்ளுக்கு வாங்கி அடித்தரை தெரிஞ்சிருக்கு. பேந்து அலை வந்திட்டுது. அதுக்குப் பிறகு மெழுகுதிரியாலயும் அடுப்பாலயும் பத்தின நெருப்பு அஞ்சு ஆறு நாள் எரிஞ்சது. செத்தது பத்தாயிரக்கணக்கில. நீ 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளை, உனக்கு இது புத்தக விசயம். டிசம்பர் 26 காலமை கடல் உள்ளுக்குப் போக, மீன் துடிக்குது எண்டு பாக்கப் போன பிள்ளையளைப் பற்றி உன்ர அம்மா அப்பாவிட்டக் கேள். எனக்கு அந்த ஆத்தங்கரைச் சதுக்கத்தில நிக்கேக்க முல்லைத்தீவும் பெரலியவும்தான் நினைவு வந்தது, மகளுக்குச் சொல்லத் தொடங்கிட்டு முடிக்க ஏலாமல் போச்சு.

நீ போனா கார்மு மடத்தைக் கட்டாயம் பார். கூரை விழுந்த கோயிலை அப்பிடியே விட்டு வைச்சிருக்கினம், மேல வளைவு மட்டும் விலா எலும்பு மாதிரி நிக்குது, அதுக்குள்ளால வானம் தெரியும், நிலத்தில புல்லு. அதுக்குக் கீழ பைஷா எண்ட கடைத்தெருப் பகுதி கோடு கீறின மாதிரி நேர் நேர் தெருவா இருக்கும், அது முழுக்க நடுக்கத்துக்குப் பிறகு பொம்பால் எண்ட அமைச்சர் திரும்பக் கட்டுவிச்சது. சுவருக்குள்ள மரத்தால கூடு மாதிரிச் சட்டம் வைச்சுக் கட்டினவை, நிலம் ஆடினா சுவர் கொட்டுண்டாலும் கூடு நிக்கும் எண்டு. மாதிரி ஒண்டு செய்து அதைச் சுத்திப் பட்டாளத்தை நிலம் அதிர மிதிச்சு நடக்கவிட்டுப் பரிசோதிச்சுப் பாத்திருக்கினம், கம்பியூட்டர் இல்லாத காலத்தில! அதோட எல்லாப் பங்குக்கும் கேள்வித்தாள் அனுப்பினவர்: எவ்வளவு நேரம் ஆடினது, கடல் முதலில ஏறினதோ இறங்கினதோ, எத்தினை பேர் செத்தவை, கிணத்துத் தண்ணி மாறினதோ எண்டு. பூமி நடுக்கத்தை அறிவியலாப் படிக்கிற வழக்கத்துக்கு அந்தக் கேள்வித்தாளும் ஒரு தொடக்கம். உன்ர ஆசிரியரிட்ட இதைச் சொல்லு, பரீட்சைக்கு வராது, எண்டாலும் சொல்லு. அப்ப இருந்த ஜோசே அரசன் அதுக்குப் பிறகு கல்லு வீட்டுக்குள்ள படுக்கப் பயந்து அஜூடா மலையில மர வீட்டிலயும் கூடாரத்திலயும்தான் சாகும் வரைக்கும் இருந்தவர். அந்தப் பயம் எனக்கு விளங்குது, 2004க்குப் பிறகு எங்கட சொந்தக்காரர் சில பேர் கடற்கரைப் பக்கம் திரும்பிப் போகவே இல்லை.

நாங்கள் மரக்கறிதான். பட்டினி கிடக்கவேணுமோ?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

இல்லை, ஆனா கேட்டுக் கேட்டுச் சாப்பிடவேணும். அங்க மீனும் இறைச்சியும்தான் பிரதானம், கருவாடு மாதிரி உப்புப் போட்டுக் காயவைச்ச கொட் மீனை ஒவ்வொரு கடையிலயும் காணலாம். கீரைச் சூப் எண்டு மரக்கறி மாதிரிப் பச்சையா வரும், அதுக்குள்ள ஒரு துண்டு பண்டிச் சொசேஜ் மிதக்கும், அதால "செம் கார்னி", இறைச்சி இல்லாமல், எண்டு முதலே சொல்லுங்கோ. இருந்த உடன கேக்காமலே பாணும் ஒலிவ் காயும் சீஸும் கொண்டு வந்து வைப்பினம். அது இலவசம் இல்லை, தொட்டா பில்லில வரும், வேண்டாமெண்டா எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம், ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். மார்ட்டிம் மொனிஸ் பக்கம் போனா இந்தியக் கடை, பங்களாதேஷ் கடை எண்டு வரிசையா இருக்கு, பருப்பும் சோறும் கிடைக்கும். மூண்டாம் நாள் நாங்கள் அங்கதான் போய் விழுந்தனாங்கள்.

முட்டை சாப்பிடுவீங்கள் எண்டா பெலெமில 1837ல இருந்து நடக்கிற பலகாரக் கடைக்குப் போங்கோ. முதலில மடத்தில செய்த பலகாரம், கையளவு கிண்ணம் மாதிரி மொறுமொறு எண்ட மாவுக்குள்ள முட்டைக் கஸ்டட், அடுப்பால எடுத்த சூட்டோட தருவினம். மேசையில சீனித்தூளும் கறுவாத்தூளும் இருக்கும், கறுவாவைத் தூவித்தான் சாப்பிடோணும். அவையளுக்குக் கறுவா கனேலா. இண்டைக்கு அந்தப் போத்திலில இருக்கிறது எந்த நாட்டுச் சரக்கோ, ஆனா அந்தக் காலத்தில அந்தக் கரையில வந்து இறங்கினது எங்கட கறுவா, அதுக்காகத்தானே கொழும்பில கோட்டை கட்டினவை. நான் தூவிக்கொண்டு இருக்கேக்க வாசம் மூக்கில ஏற, நீர்கொழும்புப் பக்கத்தில சின்ன வயசில கறுவாப்பட்டை உரிக்கிறதைப் பாத்த ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்கொண்டுது. அந்தப் பட்டையை உரிச்ச சனத்தில எத்தினை பேர் இதைச் சாப்பிட்டிருப்பினம்? சாப்பிடுங்கோ, ரெண்டு சாப்பிடுங்கோ.

அந்த மஞ்சள் ட்ராம் 28ல ஏறினா எல்லாம் பாக்கலாமாமே? எனக்கு முழங்கால் ஏலாது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வத்தளை

ரீச்சர், கொழும்பில 1960 வரைக்கும் ட்ராம் ஓடினது, உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். 28ஆம் நம்பர் மார்ட்டிம் மொனிஸில இருந்து அல்ஃபாமா வளைவுகளுக்குள்ளால சுவரை உரசிற மாதிரிப் போய் கம்பு டி ஊரிக் வரைக்கும் ஓடுது. மர இருக்கை, மணிச் சத்தம், எல்லாம் நல்ல வடிவு. ஆனா பத்து மணிக்குப் பிறகு போனா ஒரு மணித்தியாலம் வரிசை, ஏறினாலும் நிண்டுகொண்டுதான். பொக்கெட் அடிக்கிறவங்களுக்கும் அதுதான் இடம், பாஸ்போட்டை ஹோட்டலில வைச்சிட்டுப் பையை முன்பக்கம் போடுங்கோ. காலமை எட்டு மணிக்கு முதல் தொடங்கிற இடத்திலயே ஏறினா இருந்துகொண்டு போகலாம்.

ஊர் முழுக்க மேடு பள்ளம். நடைபாதை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லுப் பதிச்சது, மழை பெஞ்சா சவர்க்காரம் மாதிரி வழுக்கும், அதால ரப்பர் அடி போட்ட சப்பாத்து கட்டாயம். பைஷாவில இருந்து கோட்டைப் பக்கம் ஏற நகரசபையின்ர இலவச லிஃப்ட் இருக்கு, ஹோட்டலில கேட்டா காட்டுவினம். 1902ல கட்டின சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்ட் வேற, அதுக்குக் காசும் வரிசையும். மலை ஏறுற கேபிள் வண்டியளில குளோரியா லைனில 2025 செப்டம்பரில நடந்த விபத்தில 16 பேர் செத்தவை, அந்தக் குடும்பங்களை நினைக்க இப்பவும் மனம் பதறுது. எது ஓடுது, எது ஓடேல்லை எண்டதை அங்க போய்க் கேட்டு ஏறுங்கோ. ஏலாட்டி டாக்சி எடுங்கோ ரீச்சர், முழங்காலோட போராடி ஊரைப் பாக்கவேணும் எண்டில்லை.

புதுக்கடையில முப்பது வருசம் காணி வழக்குப் பேசினனான். லிஸ்பனில "தோம்பு" எண்ட பேரில ஒரு சுவடிக்கூடம் இருக்கெண்டு கேள்வி. பாத்தீங்களோ?
– சட்டத்தரணி, கொழும்பு 12

ஐயா, உங்கட கேள்வியைக் கண்ட உடன சந்தோசமாப் போச்சு, ஏனெண்டா லிஸ்பனில நான் ஆசைப்பட்டுத் தேடிப்போன இடம் அதுதான். தோர்ரி டு தொம்பு, தோம்புக் கோபுரம். நாங்கள் காணிப் பதிவுக்குத் தோம்பு எண்டு சொல்லுறம் இல்லையோ, அதே சொல்லு. போர்த்துக்கீசர் இங்க காணி, வரி எல்லாம் எழுதத் தொடங்கின தோம்பை ஒல்லாந்தரும் அந்தப் பேரிலயே எழுதிக்கொண்டு போனவை, அவையின்ர தோம்புகள் கொழும்பு 7ல எங்கட தேசிய சுவடிகள் திணைக்களத்தில இண்டைக்கும் இருக்கு. லிஸ்பனில அரசாங்கச் சுவடியளை 1378ல இருந்து சாவோ ஜோர்ஜ் கோட்டையின்ர ஒரு கோபுரத்தில வைச்சிருந்தவை, அதால வந்த பேர். 1755ல கோபுரம் விழுந்திட்டுது. அப்ப சுவடிக்கூடத்துக்குப் பொறுப்பா இருந்த மனுவெல் டா மாயா எண்ட எஞ்சினியருக்கு எண்பதுக்கு அண்மின வயசு, அந்த மனுசன் இடிபாட்டுக்குள்ள இருந்து கட்டுக் கட்டா எடுப்பிச்சுக் காப்பாத்தினவர். அரண்மனை நூலகம் எரிஞ்சு சாம்பலாப் போச்சு, இது தப்பினது. 1981ல யாழ்ப்பாணத்தில நூலகம் எரிஞ்சதை அறிஞ்ச ஆக்களுக்கு அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிடத் தோணும்.

இப்ப பல்கலைக்கழகப் பக்கத்தில 1990ல திறந்த பெரிய கட்டிடத்தில இருக்கு, சுற்றுலாச் சனம் அங்க போறது குறைவு. கோட்டே அரசன் புவனேகபாகு தன்ர பேரன் தர்மபாலாவின்ர பொற்சிலையைத் தூதுவரிட்டக் குடுத்து அனுப்பி, 1543ல லிஸ்பனில மூண்டாம் ஜொவாவோ அரசன் அந்தச் சிலைக்கு முடி சூட்டினவர் தெரியுமோ? கொழும்புக்குப் பக்கத்து ராசாவின்ர பட்டத்தைப் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு சிலைக்குச் சூட்டியிருக்கினம். அதைச் செதுக்கின யானைத்தந்தப் பெட்டி இப்ப ஜெர்மனியில மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில இருக்கு, லிஸ்பனில அந்த அரண்மனையே இல்லை, இருந்த இடம்தான் நான் முன்னம் சொன்ன ஆத்தங்கரைச் சதுக்கம். சனம் அதை இப்பவும் அரண்மனை முற்றம் எண்டுதான் கூப்பிடுது. உங்களை மாதிரி ஆக்கள் ஒருக்கா அங்க போகவேணும் ஐயா.

என்ர மகனுக்கு 8 வயசு, கோயில் கோட்டை எண்டா சலிச்சுப் போவான். அவனுக்கு என்ன காட்டலாம்?
– தந்தை, மட்டக்குளி

1998ல கண்காட்சிக்குக் கட்டின பெரிய மீன்காட்சியகம் இருக்கு, நடுவில ஒரு பிரமாண்டமான தண்ணித்தொட்டி, சுறாவும் திருக்கையும் கண்ணுக்கு முன்னால போகும், அங்க அரை நாள் விடுங்கோ. பிறகு பெலெம் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காண்டாமிருகத்தைத் தேடச் சொல்லுங்கோ. 1515ல குஜராத் சுல்தான் குடுத்த காண்டாமிருகம் ஒண்டு கப்பலில லிஸ்பன் வந்தது, ஐரோப்பாவில அதுக்கு முதல் ஆயிரம் வருசத்துக்கு மேல ஒருத்தரும் அப்பிடி ஒண்டைக் கண்டதில்லை. யானையோட சண்டைக்கு விட, யானை பயந்து ஓடிட்டுது. அடுத்த வருசம் பாப்பரசருக்குப் பரிசா அனுப்பேக்க கப்பல் தாண்டு அந்தச் சீவன் சங்கிலியோட கடலுக்குள்ள போச்சு. அதின்ர தலையைத்தான் கோபுரத்தில ஒரு காவல்கூட்டுக்குக் கீழ செதுக்கியிருக்கினம், 500 வருசக் காத்திலயும் மழையிலயும் தேய்ஞ்சு போய் இருக்கு, வெளியில நிண்டே பாக்கலாம், ரிக்கெற்றும் வேண்டாம். ஆல்பிரெக்ட் டூரர் எண்ட ஜெர்மன் ஓவியர் அதை நேரில காணாமல் ஆரோ எழுதின கடிதத்தையும் கீறின படத்தையும் வைச்சே கீறினவர், கவசம் போட்ட மாதிரி, முதுகில இன்னொரு சின்னக் கொம்போட. மகனுக்கு ஒரு பென்சிலும் கொப்பியும் கொண்டு போங்கோ. அவர் காணாமல் கீறினதை அவன் கல்லில பாத்துக் கீறட்டும், கீறினதும் எனக்கு அனுப்புங்கோ, அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில போடுறன்.